200 கிகா டன்னுக்குத் தீர்ப்பு எழுதிய நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் விவாத அரங்கு நடத்தும் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ் என்ற இரண்டு விண்வெளிக் கதையுலகங்களில் எது சிறந்தது என்ற வழக்கின் வரலாறு உங்களுக்குத் தெரியும். அதை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. அண்மையில் நீங்கள் வழங்கிய தீர்ப்பைப் பற்றித்தான் இந்த மடல். தலைப்பு, 'எந்தப் படைப்புலகம் சிறந்தது'. கதை, பாத்திரங்கள், அரசியல், இசை என்று இரண்டு அணிகளும் நன்றாகவே பேசின. முடியும் நேரத்தில் ஸ்டார் வார்ஸ் அணியில் ஒருவர் எழுந்து, "எங்கள் டர்போலேசர் ஒருமுறை சுட்டால் 200 கிகா டன். உங்கள் ஃபோட்டான் டார்பிடோ வெறும் 64 மெகா டன். மூவாயிரம் மடங்கு!" என்றார். முன்னது ஸ்டார் வார்ஸ் கப்பல்களின் பீரங்கி, பின்னது ட்ரெக் கப்பல்களின் ஏவுகணை; எண்கள், அதே அளவு வெடிக்க எத்தனை டன் டிஎன்டி வெடிமருந்து வேண்டும் என்ற கணக்கு. அரங்கு கைதட்டியது. உங்கள் தீர்ப்பும் அந்தக் கைதட்டலோடு போய்விட்டது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. இனி எந்த விவாதமானாலும், ஒரு வாரம் முன்பே ஒரு தாளை இரு அணிகளிடமும் கொடுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும். எந்தப் படைப்பு, அதில் எந்தப் பதிப்பு? எதைச் சான்றாக ஏற்பீர்கள்? எந்த அளவுகோலை வைத்துத் தீர்ப்பு சொல்வீர்கள்?

அந்தத் தாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த 200 கிகா டன்னையே எடுத்துக்கொள்வோம். படத்தில் எந்தப் பாத்திரமும் அந்த எண்ணைச் சொல்வதில்லை. 2002இல் 'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' படத்தையொட்டி, விண்கலங்களின் குறுக்குவெட்டுப் படங்களோடு ஒரு நூல் வந்தது. அக்லமேட்டர் வகைக் கப்பலுக்கு அந்த நூல் கொடுத்த எண் அது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே, படங்களுக்கு வெளியே அதுவரை நூல்களிலும் மற்றவற்றிலும் வந்த விரிவுலகக் கதைகளை 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கி, ஆறு படங்களும் 'த குளோன் வார்ஸ்' தொடரும்தான் அசையாத அடித்தளம் என்று அறிவித்துவிட்டது. உரிமையாளரே அடித்தளத்தில் சேர்க்காத நூல் உங்கள் மேடையில் முதல் சாட்சியாக வந்து நின்றது.

எதிரணியின் 64 மெகா டன்னுக்கும் இதே கதைதான். 1991இல் வெளிவந்த, 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற ட்ரெக் தொடருக்கான தொழில்நுட்பக் கையேடு, டார்பிடோவில் அதிகபட்சமாக ஒன்றரைக் கிலோ பொருளும் ஒன்றரைக் கிலோ எதிர்ப்பொருளும் ஏற்றலாம் என்கிறது. மொத்தம் மூன்று கிலோ. அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, டிஎன்டி கணக்குக்கு மாற்றினால் 64 மெகா டன் சொச்சம் வரும். கணக்கு சரிதான். ஆனால் ட்ரெக் பக்கத்தில் திரையில் வந்ததுதான் கேனன், அதாவது அதிகாரபூர்வக் கதை; கையேடு கேனன் அல்ல என்பது நெடுங்கால வழக்கம். ஆக, மோதிக்கொண்டவை இரண்டு கையேடுகள். இரண்டு படைப்புகளும் அந்த மோதலில் இல்லவே இல்லை.

சரி, திரையில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் தெளிவு வந்துவிடுமா? அதுவும் வராது. 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற ட்ரெக் தொடரில் 1995இல் ஒளிபரப்பான 'த டை இஸ் காஸ்ட்' அத்தியாயத்தில், ரோமுலன்கள், கார்டாசியன்கள் என்ற இரண்டு வேற்றுக்கோள் இனத்தவர் சேர்ந்து அனுப்பிய 20 கப்பல்கள் ஒரு கோளைத் தாக்குகின்றன. முதல் சரமாரியிலேயே கோளின் மேலோட்டில் 30 சதவீதம் அழிந்துவிட்டது என்கிறது வசனம். அதைக் கணக்குப் போட்டால் 200 கிகா டன்னெல்லாம் தூசு. அதே தொடரின் வேறு அத்தியாயங்களில் அதே வகை ஆயுதங்கள் சுவரில் ஓட்டை போடவே திணறுகின்றன. வசனத்தை நம்புவதா, காட்சியை நம்புவதா என்பதை விவாதம் தொடங்கும் முன்பே நடுவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

காட்சியிலிருந்து ஆற்றலை அளக்கிறோம் என்பவர்களின் நிலையும் இதுதான். 'த எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் ஸ்டார் டெஸ்ட்ராயர் என்ற பேரரசுப் போர்க்கப்பல் விண்கற்களைச் சுட்டுத் தள்ளும் காட்சிதான் வழக்கமான சான்று. அந்தக் கல்லின் விட்டத்தை ஒருவர் இருபது மீட்டர் என்பார், இன்னொருவர் நாற்பது என்பார். விட்டம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்கு, ஆற்றலும் எட்டு மடங்கு. கல் முழுக்க இரும்பு என்று வைத்துக்கொண்டாலும், அது உருகியதா ஆவியானதா என்ற கேள்வி இருக்கிறது. இரும்பை ஆவியாக்க, உருக்குவதைப் போல ஆறேழு மடங்கு ஆற்றல் வேண்டும். இரண்டு அனுமானங்களையும் பெருக்கினால் ஒரே காட்சியிலிருந்து ஐம்பது மடங்கு வித்தியாசத்தில் இரண்டு விடைகள் கிடைக்கும். கல் வெறுமனே நொறுங்கிச் சிதறியது என்று வைத்துக்கொண்டால் விடை இன்னும் பல மடங்கு கீழே இறங்கும். இத்தனை ஊகங்களைக் கடந்து வந்த எண்ணை மேடையில் 'நிரூபணம்' என்று வைக்கிறார்கள், நீங்களும் குறித்துக்கொள்கிறீர்கள்.

வேகமும் விதிவிலக்கல்ல. 1960களின் ஸ்டார் ட்ரெக்கில், கப்பலின் வேகத்தைக் குறிக்கும் வார்ப் எண்ணின் மும்மடிதான் ஒளிவேகத்தின் மடங்கு என்பது வழக்கமான கணக்கு. வார்ப் 8.4 என்றால் ஏறத்தாழ 593 மடங்கு. 'தட் விச் சர்வைவ்ஸ்' அத்தியாயத்தில் நாயகர்களின் கப்பலான எண்டர்பிரைஸ் 990.7 ஒளியாண்டு தூரத்தை அதே வார்ப் 8.4 வேகத்தில் 11.337 மணி நேரத்தில் கடக்கும் என்கிறார் அதன் அதிகாரி ஸ்பாக். அந்த வேகம் ஏழரை லட்சம் மடங்குக்கும் மேல். மும்மடிக் கணக்குப்படி அந்தப் பயணத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆக வேண்டும். 'வாயேஜர்' என்ற ட்ரெக் தொடரிலோ, கப்பல் வீடு திரும்ப 70,000 ஒளியாண்டைக் கடக்க 75 ஆண்டு தேவை என்பதுதான் கதையின் அடித்தளமே. அது சராசரியாக 930 மடங்கு சொச்சம். ஸ்பாக் சொன்ன வேகம் அந்தக் கப்பலுக்கு வாய்த்திருந்தால் ஐந்து வாரத்தில் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். எழுத்தாளர்களின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கதைக்கு எவ்வளவு தூரம் தேவையோ அவ்வளவு வேகத்தில்தான் கப்பல் போகும். ஸ்டார் வார்ஸிலும் அதே விதிதான். 'யார் கப்பல் வேகம்' என்ற கேள்விக்கு விடையே கிடையாது என்று நடுவர் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மதிப்பெண் போட்டீர்கள்.

இதில் உண்மையிலேயே அடிபடுவது யார் என்பதை நீங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். புதிதாக மேடை ஏறுபவர் தலைப்பை நம்பித்தான் தயாராகிறார். 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மட்டுமே 178 அத்தியாயங்கள். ஒன்றுக்கு 45 நிமிடம் என்றாலும் 130 மணி நேரத்துக்கு மேல். அவர் பார்க்கிறார், குறிப்பெடுக்கிறார், எந்தக் காட்சியில் எந்தப் பாத்திரம் எப்படி மாறியது என்று எழுதி வைத்துக்கொள்கிறார். எதிரில் இருப்பவர் ஒரு துணைநூலின் ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார். எண்ணுக்கு எதிராகக் காட்சி எடுபடாது. எண் காதில் விழுந்த நொடியில் கைதட்டல் வரும், காட்சியை விளக்க மூன்று நிமிடம் வேண்டும், அந்த மூன்று நிமிடத்தை நீங்கள் கொடுப்பதில்லை. 130 மணி நேரம் பார்த்தவர் தோற்று இறங்கி, அடுத்த முறை வராமலே இருந்துவிடுகிறார். அல்லது, இன்னும் மோசமாக, அவரும் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்.

ஆகவேதான் அந்த ஒரு தாளைக் கேட்கிறோம்.

தாளில் 'பதிப்பு' ஏன் இருக்க வேண்டும்? ஸ்டார் வார்ஸில் வரும் கடத்தல்காரன் ஹான் சோலோவின் பாத்திர வளர்ச்சியைப் பற்றி அன்று ஒருவர் பேசினார், இன்னொருவர் அவர் சொல்வது பொய் என்றார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். 1977 படத்தில் மதுக்கூடக் காட்சியில் சோலோ மட்டுமே சுடுகிறான். 1997 சிறப்புப் பதிப்பில், அவனைப் பிடிக்க வந்த கிரீடோ முதலில் சுட்டுத் தவறவிடுகிறான். 2004 டிவிடியில் இரண்டு வெடிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். 2019இல் கிரீடோ வாயில் ஒரு புதுச் சொல்லும் சேர்ந்துவிட்டது. சுயநலக்காரன் ஒருவன் நண்பர்களுக்காகத் திரும்பி வருவதுதான் அந்தப் பாத்திரத்தின் பயணம். அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதே பதிப்புக்குப் பதிப்பு மாறும்போது, பதிப்பைச் சொல்லாமல் எப்படிப் பேசுவது? ட்ரெக்கிலும் 1960களின் தொடருக்கு 2006 முதல் புதிய கணினிக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூலப் படச்சுருள்களிலிருந்து மறுபடி தொகுக்கப்பட்டு 2012 முதல் ப்ளூ-ரேயில் வந்தது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, அது இன்னும் பழைய ஒளிநாடாத் தரத்திலேயே இருக்கிறது. இவற்றை அருகருகே வைத்து 'காட்சித்தரம்' என்று மதிப்பெண் போடுவது எந்த வகையில் நியாயம்?

அளவும் ஒத்துப்போக வேண்டும். 121 நிமிடப் படத்தையும் ஏழு பருவத் தொடரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். படத்துக்குப் படம் வையுங்கள். 1980இன் 'த எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்'கும் ட்ரெக்கின் 1982ஆம் ஆண்டுப் படமான 'த ரேத் ஆஃப் கான்'உம் நல்ல ஜோடி. இரண்டுமே இரண்டாவது படங்கள், இரண்டிலும் நாயகர்கள் பெரிய இழப்போடு நிற்கிறார்கள். தொடருக்குத் தொடர் என்றால் ஸ்டார் வார்ஸின் 'ஆண்டோர்' ஒருபுறம், 'டீப் ஸ்பேஸ் நைன்' மறுபுறம். அதன்பின் 'ஸ்டார் வார்ஸ் குழந்தைகளின் வாள்சண்டை' என்றோ 'ட்ரெக்கில் எல்லோரும் உத்தமர்கள்' என்றோ யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஒன்றில் பேரரசின் அலுவலகங்களும் சிறைகளும் உள்ளே இருப்பவர்களின் கண்ணால் காட்டப்படுகின்றன. மற்றதில், 'இன் த பேல் மூன்லைட்' அத்தியாயத்தில், ரோமுலன்களைப் போருக்குள் இழுக்க ஒரு கேப்டன் பொய்ச்சான்று தயாரிக்கிறார். அதைத் தொடர்ந்து நடக்கும் கொலையையும் விழுங்கிக்கொண்டு வாழப் பழகிக்கொள்கிறார்.

அளவுகோலுக்கும் ஒரு மாதிரி சொல்கிறோம். 'சிந்திக்கும் இயந்திரத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை எந்த உலகம் நேர்மையாக எதிர்கொள்கிறது' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். ட்ரெக் அணிக்கு 1989இன் 'த மெஷர் ஆஃப் எ மேன்' இருக்கிறது. டேட்டா என்ற இயந்திர மனிதன் யாருடைய சொத்தும் அல்ல என்று ஒரு விசாரணை முடிவு செய்கிறது. அவனை எதிர்த்து வாதாட வேண்டிய கடமை நண்பன் ரைக்கர் தலையில் விழுகிறது. எதிரணி சும்மா இருக்காது. 'வாயேஜர்' தொடரின் 'ஆத்தர், ஆத்தர்' அத்தியாயத்தில் அதே சமூகம், கணினி உருவாக்கிய ஒளியுருவான ஹோலோகிராம் மருத்துவரைக் கலைஞர் என்று ஏற்றது, நபர் என்று ஏற்கவில்லை. அவரைப் போன்ற மற்ற ஹோலோகிராம்கள் சுரங்கத்தில் வேலை செய்கின்றனவே என்று கேட்பார்கள். ஸ்டார் வார்ஸ் பக்கமோ முதல் படத்திலேயே மதுக்கூடக்காரன் டிராய்டுகள் எனப்படும் இயந்திர மனிதர்களை வெளியே நிற்கச் சொல்கிறான். 2005 படத்தின் முடிவில் சி-த்ரீபிஓ என்ற டிராய்டின் நினைவை அழிக்கும்படி ஒரே ஒரு வரியில் ஆணை வருகிறது. அந்த அநீதியைக் கதை கவனிக்கவில்லையா, கவனித்தே காட்டுகிறதா? இப்படி ஒரு கேள்விக்கு ஒரு மாலைப்பொழுது போதாது. இதில் எந்தக் கிகா டன்னுக்கும் வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'உண்மையான ரசிகரா' என்று சோதிக்கும் கேள்விகளை மேடையில் அனுமதிக்கிறீர்கள். ஹான் சோலோ பெருமை பேசும் கெசல் பயணம் எத்தனை பார்செக் (விண்வெளித் தூர அளவு), எண்டர்பிரைஸ் கப்பலின் பதிவு எண் என்ன என்று புதியவரை நிறுத்திக் கேட்பதை நீங்கள் தடுப்பதில்லை. ஸ்டார் ட்ரெக்குக்கு மூன்றாவது பருவம் கிடைக்க, கடிதம் எழுதிப் போராடிய ரசிகர்களும் ஒரு காரணம். 1976இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு எண்டர்பிரைஸ் என்று பெயர் மாறியதும் ரசிகர் கடிதங்களால்தான். அவர்களிடம் யாராவது பதிவு எண் கேட்டார்களா? இரண்டு முகாம் என்று நாம் பிரித்துக்கொண்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். 'த ரேத் ஆஃப் கான்' படத்தின் காட்சி வித்தைகளைச் செய்தது ஸ்டார் வார்ஸுக்காகத் தொடங்கப்பட்ட ஐஎல்எம் பட்டறைதான். அந்தப் படத்தில் ஒரு கோளே உயிர்பெறும் ஜெனிசிஸ் காட்சியை உருவாக்கியது லூகாஸ்ஃபிலிமின் கணினிக் குழு. பின்னாளில் பிக்சார் என்ற அசைவூட்டப் பட நிறுவனம் ஆனதும் அதே குழுதான். இதை எந்த விவாதத்திலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, சொன்னால் மதிப்பெண் கிடைக்காது என்பதால்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது என்றால் பொறுத்தருள வேண்டும். நீங்கள் ஊதியம் இல்லாமல், நேரம் செலவழித்து இந்த மேடைகளை நடத்துகிறீர்கள் என்பதை மறக்கவில்லை. பழைய தீர்ப்பை மாற்றச் சொல்லவும் இல்லை. அடுத்த விவாதத்தின் அழைப்போடு அந்த ஒரு தாளையும் அனுப்பிவையுங்கள். எண் சொல்பவர் எந்த அத்தியாயம், எந்தக் காட்சி என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டும் என்ற ஒரு வரியையும் அதன் அடியில் சேர்த்துவிடுங்கள். தீர்ப்பு சொல்லும்போது காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தாருங்கள். தோற்ற அணி அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுபடி பார்க்க வேண்டிய அத்தியாயங்களைக் குறித்துக்கொள்ளும்.

பணிவுடன்,
இரண்டு உலகங்களையும் நேசிக்கும் ரசிகர் ஒருவர்