லாரி ஓனர்கிட்ட பான் கார்டு வாங்குற ஆபீஸ், வாங்கினதுக்கு ஒரு ரசீதும் குடுக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஒரு லாரி ரெண்டு லாரி வச்சு பொழைக்கிற ஓனர்களுக்கு கணக்கு எழுதிக் குடுக்குற வேலை என்னோடது. லோடு குடுத்து வாடகை தர்ற டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல பான் கார்டு ஜெராக்ஸும் கையெழுத்து போட்ட ஒரு டிக்ளரேஷனும் கேக்குறாங்கல்ல, அதப் பத்தி உங்க பத்திரிகையில நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஏன்னா இந்த ரெண்டு பேப்பரும் நேரத்துக்குப் போய்ச் சேராததால சின்ன ஓனர்கள் இழக்குற பணத்தை கிட்ட இருந்து பாக்குறேன்.

முதல்ல சட்டம் என்னன்னு சொல்லிடுறேன். 1961 வருமான வரிச் சட்டத்துல (நான் சொல்ற பிரிவு நம்பர், படிவ நம்பர் எல்லாம் அந்தச் சட்டத்துல உள்ளதுதான்) 194சி பிரிவுப்படி, கம்பெனியோ பெரிய ஆபீஸோ லாரிக்காரருக்கு வாடகை குடுக்கும்போது ஒரே பில் 30,000 ரூபாய தாண்டினாலோ, வருஷத்துல மொத்தம் 1 லட்சம் தாண்டினாலோ, தனி ஆளா இருந்தா 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வாடகை குடுக்கும்போதே பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டுற வரி, பிடிக்கணும். ஆனா அந்த வருஷத்துல எப்பவுமே 10 லாரிக்கு மேல வச்சிருக்காத ஓனர், எனக்கு 10க்கு மேல இல்லைன்னு பான் நம்பரோட எழுதிக் குடுத்துட்டா ஒரு பைசா பிடிக்க வேண்டியதில்ல. 2015 ஜூன் 1க்கு முன்னாடி பான் மட்டும் குடுத்தாலே போதும், அதுக்கப்புறம்தான் இந்த 10 லாரி கணக்கு வந்துச்சு. பான் நம்பரையே குடுக்காம விட்டா என்ன ஆகும்னா 206ஏஏ பிரிவு வந்து நிக்கும், அது 20 சதவீதம், 2010 ஏப்ரல்ல இருந்து அப்படித்தான்.

20 சதவீதம்னா லாபத்துல இல்லைங்க, மொத்த வாடகையில. ஒரு லோடு வாடகை 60,000 ரூபாய்னு வச்சுக்குங்க, 12,000 போயிடும். டீசல், டோல், டிரைவர் படி, டயர் தேய்மானம், பைனான்ஸ் டியூ எல்லாம் போக ஒரு லோடுல 12,000 கையில நிக்குதான்னு எந்த ஓனரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இத்தனைக்கும் இவங்க நிறைய பேருக்கு வரியே வராது. 10 லாரி வரைக்கும் உள்ளவங்களுக்கு 44ஏஇ பிரிவுல ஒரு சுலபக் கணக்கு இருக்கு, 12 டன்னுக்கு மேல உள்ள வண்டின்னா, வண்டியும் சரக்கும் சேந்த மொத்த எடையில டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு காட்டினா போதும். 28 டன் டாரஸ் (பெரிய கனரக லாரி) ஒண்ணு இருந்தா மாசம் 28,000, வருஷத்துக்கு 3,36,000. 2025-26ல புது வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. வரி கட்டவே வேண்டாத ஒரு மனுஷன்கிட்ட இருந்து வாடகையில அஞ்சுல ஒரு பங்கை பிடிச்சு வைக்கிறது ஒரே ஒரு பேப்பர் வராததாலதான், இத நினைச்சா எனக்கு நிஜமாவே ஆத்தாமையா இருக்கு.

பேப்பர் ஏன் போய்ச் சேரல? லோடு ஏத்துற இடத்துல ஓனர் இருக்கிறதே இல்ல, டிரைவர்தான் இருக்காரு. ஆபீஸ்ல இருக்கிற பையன் ஒரு பாரத்தை நீட்டுறாரு, டிரைவர் கையெழுத்து போட்டுட்டு அட்வான்ஸ வாங்கிட்டு வண்டிய எடுத்துடறாரு. டிரைவர் போட்ட கையெழுத்து ஓனரோட டிக்ளரேஷன் ஆகாதுங்க. இல்லைன்னா ஓனர் வாட்ஸ்அப்ல பான் கார்டு போட்டோ அனுப்பிட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிறாரு, அந்த போன் வச்சிருந்த பையன் ரெண்டு மாசத்துல வேலைய விட்டுப் போயிடுறாரு, கணக்குப் பாக்குறவர் கைக்கு அது வர்றதே இல்ல. வருஷக் கடைசியில குடுத்தியா இல்லையான்னு சண்டை. குடுத்தேன்னு சொல்ல ஓனர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது.

இத விடப் பெரிய சிக்கல் பேர்ல. ஆர்சி புக் சம்சாரம் பேர்ல இருக்கும், வாடகை புருஷன் பேங்க் அக்கவுண்டுக்குப் போகும், குடுத்திருக்கிற பான் மகனோடது. எங்க பக்கம் இது சர்வ சாதாரணம். குடும்பத்துக்குள்ள எல்லாம் ஒண்ணுதான், ஆனா வரி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற ஆளு. யார் பேர்ல லாரி இருக்கோ அவங்க பானும், அவங்க கையெழுத்தும், வாடகை போறது அவங்க அக்கவுண்டுமா இருந்தா எந்தக் கேள்வியும் வராது. இன்னொண்ணு, பைனான்ஸ்ல இருக்கிற வண்டி என் வண்டி இல்லையேன்னு சில பேர் அத விட்டுட்டு எண்ணுறாங்க. தவணை பாக்கி இருந்தாலும் வண்டிய கையில வச்சு ஓட்டுறவர்தான் ஓனர்னு 44ஏஇயிலயே இருக்கு, அதனால அதையும் சேத்துத்தான் 10ன்னு எண்ணணும். ஆதாரோட இணைக்காம செயலிழந்து போன பான குடுத்தாலும் குடுக்காத மாதிரிதான், அபராதம் 1,000 கட்டி இணைச்சுட்டு குடுங்க. பானே இல்லாதவங்க ஆதார் வச்சு வருமான வரி வெப்சைட்லயே காசில்லாம இ-பான் எடுத்துக்கலாம், புரோக்கருக்கு பணம் குடுக்காதீங்க.

பான் ஜெராக்ஸ் குடுக்கப் பயப்படுறவங்களும் இருக்காங்க, அவங்கள நான் தப்பா சொல்லவே மாட்டேன். கூலி வேலை செய்யுறவங்க பேர்ல அவங்களுக்கே தெரியாம ஜிஎஸ்டி கம்பெனி திறந்து, கோடிக்கணக்குல நோட்டீஸ் வந்த செய்தியெல்லாம் பேப்பர்ல நாம எல்லாரும் படிச்சதுதான். ஆனா பயந்துக்கிட்டு குடுக்காம இருந்தா 20 சதவீதம் போயிடுதே. அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, ஜெராக்ஸ் மேலயே குறுக்கால பேனாவுல இன்ன ஆபீஸுக்கு, லாரி வாடகை டிடிஎஸுக்கு மட்டும்னு எழுதி, தேதி போட்டு, எழுத்து மேலயே கையெழுத்தும் போட்டுக் குடுங்க. ஆதார் ஜெராக்ஸையும் சேத்துக் குடுன்னு கேட்டா எதுக்குன்னு கேளுங்க, டிடிஎஸ் விலக்குக்கு பானும் டிக்ளரேஷனும் போதும்.

டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்களுக்கும் பொறுப்பு இருக்கு, வரி பிடிக்காம வாடகை குடுத்தா அந்த ஓனரோட பான டிடிஎஸ் காலாண்டு ஸ்டேட்மெண்ட்ல (1961 சட்டத்துல படிவம் 26க்யூ) நீங்க காட்டியாகணும், டிக்ளரேஷன் இல்லாம விட்டா அந்த வரி உங்க தலையில விழும், அதனால நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா வாங்கினதும் வண்டி நம்பர், ஓனர் பேர், தேதி எழுதி ஆபீஸ் சீல் வச்சு ஒரு ரசீது குடுங்க. லோடு ஏத்துற அன்னைக்கு ராத்திரி கேக்காம, ஏப்ரல்லயே ஓனருக்கு போன் போட்டு வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கி வச்சுக்குங்க.

இந்த டிக்ளரேஷனுக்குன்னு 1961 சட்டத்துல அரசாங்கம் நம்பர் போட்ட பாரம் எதுவும் இல்ல, அதனால ஆபீஸுக்கு ஒண்ணா இங்கிலீஷ்ல அடிச்சு வச்சிருக்காங்க, கையெழுத்து போடுறவருக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியல. லாரி உரிமையாளர் சங்கங்கள் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல இருக்கிற மாதிரி ஒரு பாரம் அச்சடிச்சு எல்லா உறுப்பினருக்கும் குடுக்கணும். பேர், விலாசம், பான், வண்டி நம்பர்கள், இந்த நிதியாண்டுல எந்த நேரத்துலயும் 10 சரக்கு வண்டிக்கு மேல எனக்கு இல்லைங்கிற வாசகம், கையெழுத்து, தேதி, அவ்வளவுதான் வேணும். 2026 ஏப்ரல் 1ல இருந்து 1961 சட்டத்துக்குப் பதிலா 2025ல போட்ட புது வருமான வரிச் சட்டம்தான், அதுல பிரிவு நம்பர் எல்லாம் வேற, பழைய நம்பர் போட்ட பாரத்தையே ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

ஏற்கனவே யார் வாடகையில 20 சதவீதம் பிடிச்சிருக்காங்களோ அந்த ஓனர்கள் பணம் போச்சுன்னு விட்டுடாதீங்க. பான் இல்லாம கட்டின டிடிஎஸ் உங்க 26ஏஎஸ்ல, அதாவது உங்க பேர்ல கட்டின வரியைக் காட்டுற பட்டியல்ல, தெரியாது, அதனாலதான் ரிட்டன் போட்டாலும் திரும்ப வரல. பிடிச்ச ஆபீஸுக்கு எழுத்து மூலமா உங்க பான குடுத்து, அந்தக் காலாண்டு ஸ்டேட்மெண்ட்ட திருத்திப் போடச் சொல்லுங்க, திருத்தினதுக்கப்புறம் டிடிஎஸ் பிடிச்சதுக்கான சான்றிதழ், படிவம் 16ஏ, கேட்டு வாங்குங்க, 26ஏஎஸ்ல அந்தத் தொகை வந்துடுச்சான்னு பாத்துட்டு ரிட்டன் போடுங்க. திருத்திக் குடுக்க மாட்டேன்னு சொல்ற ஆபீஸ் இருந்தா சங்கத்து மூலமா நாலு ஓனரா சேந்து போய்க் கேளுங்க, தனியா போனா நாளைக்கு வா நாளைக்கு வான்னு இழுத்தடிக்கிறாங்க.

இப்படிக்கு,
லாரி கணக்கு எழுதும் வாசகர்,
சங்ககிரி.