ஆவுடையக்காள் பாட்டை வாரம் ஒன்றாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பெண்கள் தங்கள் உடம்பையும் துக்கத்தையும் சாமியையும் பற்றி எழுதுகிற கவிதைகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் இதெல்லாம் இப்போதுதான் தொடங்கியது மாதிரி எழுதியிருந்ததைப் படித்து மனசு கேட்கவில்லை. செங்கோட்டை ஆவுடையக்காள் பேரே வரவில்லையே! செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், 2019க்கு அப்புறம் தென்காசி மாவட்டம், ஆனாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான்.

ஆவுடையக்காளுக்கு விவரம் தெரியாத வயசில் கல்யாணம், அந்த வயசிலேயே தாலியும் போனது. திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள்தான் குரு. சுமார் 300 வருஷத்துக்கு முன்னால், அறுத்தவளை மூலையில் உட்கார வைத்த காலத்தில், உள்ளே இருக்கிற ஆன்மாவும் கடவுளும் ஒன்றுதான் என்கிற அத்வைதத்தைக் கும்மியாகவும் பள்ளாகவும் பாடியவர். அச்சுக்கு வரும்வரை அந்தப் பாட்டுகளை வாயிலும் நோட்டிலும் வைத்துக் காப்பாற்றியது பெண்கள்தான், அதிலும் அவரைப் போலப் புருஷனை இழந்தவர்கள்.

என் வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகிறது. அண்ணன் மகள் சடங்கு வீட்டில் மதினி என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள், அவள் மேல் கோபம் இல்லை, பழக்கம் அப்படி, ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், கூட வேலை பார்க்கிற டீச்சர் எப்போதோ கொடுத்த ஆவுடையக்காள் பாட்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்தேன். தீட்டு தீட்டு என்கிறீர்களே, அது திரண்டுதானே இந்த உடம்பே ஆனது என்று கேட்கிற பாட்டு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் தவறினபோது துஷ்டிக்கு வந்தவர்கள் சொன்ன ஆறுதலெல்லாம் 'உன் விதி' என்பதில்தான் போய் முடிந்தது. இந்த அக்காள் மட்டும்தான் உன் உள்ளே இருப்பதற்குத் தாலியும் இல்லை, தீட்டும் இல்லை என்று காட்டினார்.

அவர் பாடிய சூடாலைக் கும்மியையும் சொல்ல வேண்டும். ராணி சூடாலை முதலில் ஞானம் அடைகிறாள், காட்டில் தவம் கிடக்கிற ராஜாவுக்குப் பிராமணப் பிள்ளை வேஷத்தில் போய் உபதேசம் பண்ணுகிறாள். பெண்டாட்டியாகச் சொன்னபோது அவர் காதில் ஏறவில்லை, அதனால் அந்த வேஷம்.

ஞாயிறு தோறும் ஒரு பாட்டு போடுங்கள். வேதாந்த வார்த்தைகள் எங்களுக்குச் சிக்கல், கீழே அருஞ்சொல் பொருள் வேண்டும், எழுத்தும் கொஞ்சம் பெரிசாக இருந்தால் ஆச்சிமார் படிப்பார்கள். அப்புறம், செங்கோட்டை, கடையம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய பாட்டு நோட்டு கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் உங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்