அரபி தெரியாதவர்கள் எனக்கு அரபி படிக்க உதவிய கதை

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நான் எழுதிய அரபித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. பேச்சில் உயர்நிலையின் மேல்படி, எழுத்தில் அதே உயர்நிலையின் நடுப்படி. தேர்வில் மொழித்திறனை அளக்கிற அமெரிக்க அமைப்பான ஆக்ட்ஃபுல்லின் அளவுகோலில் இதற்கும் மேலே இரண்டு நிலைகள் உண்டு. நான் போகிற வேலைக்கு இது போதும். ஓமன், ஏமன், ஈராக் பக்கமிருந்து சென்னை மருத்துவமனைகளுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. அடுத்த மாதம் சேர வேண்டும். கிளம்புவதற்குள் எல்லோரையும் நேரில் பார்க்க முடியாது என்பதால் இந்த மடல்.

"தோஹாவுல அத்தனை வருஷம் இருந்துட்டு வந்தவனுக்கு அரபிப் பரீட்சைக்கு என்னடா படிப்பு?" என்று கேட்காதவர் இல்லை. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே நாம் பேசுவது ஒரு கலவை அரபி. "மாஃபி முஷ்கிலா", "கல்லிவல்லி", "அனா ரூஹ்" என்று வினையைத் திரிக்காமலே வண்டியை ஓட்டிவிடலாம். மருத்துவமனை வரவேற்பு மேசையில் அதற்குமேல் யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். தேர்வு கேட்பதோ செய்தி வாசிக்கிற, கடிதம் எழுதுகிற ஃபுஸ்ஹா. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்க எனக்குப் பல பேர் தேவைப்பட்டார்கள்.

முதலில் ஹஜ்ரத். மதரஸாவில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தை எனக்கென்று ஒதுக்கினார். ஓதவும் வராத, தொழவும் வராத ஆள் எதற்கு இலக்கணம் படிக்கிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஹம்ஸா என்கிற எழுத்தை எந்த எழுத்தின் மேல் உட்கார வைப்பது என்பது அரபு நாட்டுக்காரர்களுக்கே சிக்கல். அவர் அதை ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார்: "ஜேர் எல்லாத்தையும் விட பலசாலி, அடுத்தது பேஷ், அதுக்கு அடுத்தது ஜபர். ஹம்ஸாவோட எழுத்துல ஒண்ணு, அதுக்கு முன்ன உள்ள எழுத்துல ஒண்ணு, ரெண்டுல எது பலசாலியோ அதோட நாற்காலியில உட்கார வை." ஜேர், பேஷ், ஜபர் என்பவை இ, உ, அ ஒலிகளுக்கான குறிகள். சொல்லின் நடுவில் வரும் ஹம்ஸாவில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும். பணம் வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவரிடம் கடைசியில் மதரஸாவுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுக்க மட்டும் சம்மதம் வாங்கினேன்.

அடுத்தது எதிர்வீட்டு ஆச்சி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

பேச்சுத் தேர்வு தொலைபேசியில் நடக்கும், அதிகம் போனால் அரை மணி நேரம். சும்மா ஊர், வீடு, வேலை என்று ஆரம்பிப்பார்கள். நாம் எந்த இடத்தில் தடுமாறுகிறோம் என்று தெரியும்வரை கேள்வியைக் கனமாக்கிக்கொண்டே போவார்கள். தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். அரபி தெரிந்தவர்கள் என் பேச்சின் பொருளைக் கவனித்தார்கள். ஆச்சிக்குத்தான் ஒரு சொல்லும் தெரியாதே, அவர் ஓட்டத்தை மட்டும் கவனித்தார். வளவில் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் "யஃனி" (அதாவது) என்று இழுத்தாலோ, வாயைத் திறந்தபடி நின்றாலோ ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் குழியில் போடுவார். பேசி முடித்ததும் குழியைக் காட்டி, "இன்னைக்கு ரொம்ப மென்னு முழுங்குற தம்பி. அந்த 'யானி யானி' இல்லாம நாளைக்குச் சொல்லு" என்பார். எந்த மொழிப் பயிற்சி மையத்திலும் இப்படி ஒரு கருவி கிடையாது.

அந்த வளவே எனக்குப் பாடப்புத்தகமும் ஆனது. அரபியில் மூன்றிலிருந்து பத்துவரை எண்ணும்போது, பொருள் ஆண்பால் என்றால் எண் பெண்பால் வடிவம் எடுக்கும், பெண்பால் என்றால் ஆண்பால் வடிவம். தூண் ஆண்பால், சன்னல் பெண்பால். மூன்று தூண் "ஸலாஸத்து அஃமிதா", மூன்று சன்னல் "ஸலாஸு நவாஃபித்". பத்தைத் தாண்டினால் தூண் ஒருமைக்குத் திரும்பிவிடும். புத்தகத்தில் படித்துத் தலைசுற்றியது, செட்டிநாட்டு வீட்டில் தூணையும் சன்னலையும் மாறி மாறி எண்ணிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்ததில் நாக்கில் ஏறிவிட்டது. இந்த ஊரில் எண்ணுவதற்குத் தூணுக்கா பஞ்சம்!

ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் அண்ணன்களுக்கும் நன்றி. தேர்வில் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக விவரிக்கச் சொல்வார்கள் என்பதால் அவர்கள் பட்டறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை உருவி எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை, கண்ணாடியில் படிந்த பக்கம்தான் அந்த வழவழப்பு. இதைச் செயப்பாட்டு வினையில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். தேர்வில் என் ஊரைப் பற்றிக் கேட்டபோது இது அப்படியே கைகொடுத்தது. இந்தத் தொழில் இல்லாமல் போயிருந்தால் உங்கள் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று தேர்வாளர் அடுத்த கொக்கியைப் போட்டார். நடக்காததை நடந்திருந்தால் என்று பேசும் "லவ்" வாக்கியம் அது. ஹஜ்ரத் அதையும் முன்னாலேயே அடித்துப் பழக்கியிருந்தார்.

தோஹாவில் என்னுடன் வேலை பார்த்த எகிப்துச் செவிலியச் சகோதரி இரவு வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் போனில் வருவார். அங்கே மணி ஆறு என்றால் இங்கே எட்டரை. திடீர்ச் சிக்கலைச் சமாளிக்கும் நாடகம் தேர்வில் உண்டு. அதற்காக ஒரு நாள் வீட்டு உரிமையாளராகவும் மறுநாள் பெட்டியைத் தொலைத்த விமான நிறுவன ஊழியராகவும் மாறி என்னோடு சண்டை போட்டார். நன்றாகவே சண்டை போட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இந்தப் பத்தியை நானே அரபியில் எழுதி அனுப்பிவிட்டேன்.

திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபி படித்த தம்பி என் கட்டுரைகளைச் சிவப்பு மையில் நனைத்துத் திருப்பி அனுப்புவான். பாராட்டு என்று ஒரு வரி எழுதினவன் இல்லை. எழுத்தில் நடுப்படி கிடைத்ததற்கு அவன்தான் காரணம். மேல்படி கிடைக்காததற்கு அவன் காரணம் இல்லை.

பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒரு கணினியின் விசைகளில் அரபி எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார். எழுத்துத் தேர்வைக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும், இசட் விசையில் யாவின் மேல் ஹம்ஸா, எக்ஸில் தனி ஹம்ஸா, சி-யில் வாவின் மேல் ஹம்ஸா என்று விரலுக்குப் பழக்கவில்லை என்றால் நேரம் போய்விடும். மின்தடை நேரத்திலும் அந்த ஒரு கணினிக்கு மட்டும் யுபிஎஸ் இணைப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

கடை முதலாளிக்கு, மாலையில் சீக்கிரம் விட்டதற்கு. என் மனைவிக்கு நன்றி என்று எழுதினால் சிரிப்பாள். வீட்டில் அல் ஜசீரா செய்தி ஓடிக்கொண்டே இருந்த அத்தனை மாதமும் சீரியலை விட்டுக்கொடுத்தவள் அவள்தான்.

கடைசியாக ஒரு தகவல். ஹான்ஸ் வேர் அகராதி திருச்சித் தம்பியுடையது, சென்னைக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கிவிட்டேன். என் குறிப்பேடுகளை பிரவுசிங் சென்டரில் வைத்துவிட்டுப் போகிறேன். அரபு நாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் யாராவது இந்தத் தேர்வுக்கு உட்காருவதாக இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை மட்டும் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.