பெரிய டர்போ எந்த வேலைக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோர்டு எஃப்-150 ராப்டர் பிக்அப்பின் இரண்டு டர்போசார்ஜர்களையும் (புகைவாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிகள்) மாற்றி 600 குதிரைத்திறன் பெறுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இங்கே அமெரிக்காவில் இந்த வகை மாற்றம் எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பெரிய டர்போவைப் பொருத்திவிட்டால் வண்டி எல்லா வகையிலும் மேம்பட்டுவிடும் என்ற எண்ணமே வாசிப்பவர் மனத்தில் தங்குகிறது. ராப்டரைப் பொறுத்தவரை பெரும்பாலானோருக்கு அது பொருந்தாது என்பதே, எஞ்சின் சோதனைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து.

முந்தைய ராப்டரில் இருந்த 6.2 லிட்டர் வி8 எஞ்சின் 411 குதிரைத்திறன் தந்தது. 2017 மாடலில் அதன் இடத்துக்கு வந்த 3.5 லிட்டர் வி6 எஞ்சின், நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் 450 குதிரைத்திறனும் 3,500 சுழற்சியில் 510 பவுண்டு-அடி, அதாவது சுமார் 691 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்களை வைத்ததற்குக் காரணம் உண்டு: டர்போவுக்குள் சுழலும் சக்கரம் சிறியதாக இருந்தால், குறைந்த புகைவாயுவிலேயே வேகமெடுத்துவிடும். மணலிலும் கற்பாதையிலும் ஆக்ஸிலரேட்டரை நொடிக்கு நொடி மிதித்தும் விட்டும் ஓட்டுகிறவருக்கு, மிதித்தவுடன் இழுவை கிடைப்பதுதான் முக்கியம்.

ஒரே வடிவமுள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்றின் விட்டம் மற்றதைவிட 10 சதவீதம் மட்டுமே கூடுதலாக இருந்தாலும், அதைச் சுழலவைப்பதற்கு எதிராக நிற்கும் நிலைமம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். டர்போவின் தாமதம் என்று ஓட்டுநர்கள் சலித்துக்கொள்வதில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. கால் மைல் நேர்ப்பந்தயத்தில் எஞ்சின் பெரும்பாலும் உச்சச் சுழற்சியிலேயே இருப்பதால் அங்கே இந்த இழப்பு தெரியாது. 2,000 சுழற்சியில் மேட்டில் ஏறும்போது தெரியும். எஞ்சின் திறனை அளக்கும் டைனோ கருவியின் அறிக்கையில் அச்சாகும் உச்ச எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இதைக் கவனிப்பதேயில்லை.

பெரிய டர்போவுக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்பது பெட்ரோல் எஞ்சின்களுக்கு இத்துறையில் வழங்கும் கணக்கு. 600 வேண்டுமென்றால் ஒவ்வொரு டர்போவும் நிமிடத்துக்கு 30 பவுண்டு காற்றைத் தள்ள வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸர் நல்லதாக இருந்தாலும் அந்தக் காற்று 110 டிகிரிக்கு மேல் சூடாகித்தான் வெளியே வரும். சிறிய டர்போவை அதன் திறன் எல்லைக்கு மேல் விரட்டினால் காற்றைவிடச் சூட்டைத்தான் அதிகம் அனுப்பும். பெரிய டர்போவின் உண்மையான சிறப்பு இந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்குவது. கோடையில் நெவாடா பாலைவனத்தில் ஓட்டுபவரோ, பின்னால் டிரெய்லர் இழுப்பவரோ டர்போவைத் தொடாமல் முதலில் இதைச் செய்வதே புத்திசாலித்தனம். காற்று சூடாக இருந்தால் எஞ்சினில் நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடிக்கும் நிலை, எழும்; உடனே கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும்; எத்தனை பெரிய டர்போவுக்குப் பணம் கொடுத்திருந்தாலும் அறிவித்த திறன் சாலைக்கு வந்து சேராது.

எரிபொருளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. 5,000 சுழற்சியில் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் வெறும் 6 மில்லி விநாடி. சிலிண்டருக்குள்ளேயே எரிபொருளைத் தெளிக்கும் நேரடி இன்ஜெக்டர் பெட்ரோலை ஏறக்குறைய அந்தச் சிறு இடைவெளிக்குள் தெளித்து முடித்தாக வேண்டும். 2017 எஞ்சினில் உள்ளிழுப்புக் குழாயிலும் கூடுதல் இன்ஜெக்டர்கள் வந்தது ஓரளவு உதவுகிறது. 2011 முதல் 2016 வரை எஃப்-150 வண்டிகளில் வந்த இதே கொள்ளளவு எஞ்சினில் அந்த வசதி இல்லை. நாக்கிங்கைத் தவிர்க்க எத்தனால் கலப்பைக் கூட்டுபவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது: ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றால், எத்தனாலுக்கு அது 9 பங்குதான். ஆகவே அதே காற்றுக்கு அதிக எரிபொருளைப் பம்பு அனுப்பியாக வேண்டும். பம்பு, இன்ஜெக்டர், டியூனிங் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செலவு டர்போவின் விலையோடு நிற்காது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. கலிபோர்னியாவில் இத்தகைய பாகங்களுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு ஆணை வேண்டும். டீசல் பிக்அப்களில் மட்டும் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றில் அக்கருவிகள் நீக்கப்பட்டிருப்பதாக 2020-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. ராப்டர் பெட்ரோல் வண்டி என்றாலும் அதன் உரிமையாளருக்கும் இதே சட்டம்தான். வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தியதாலேயே வாரண்டி முழுவதும் போய்விடும் என்பது சரியல்ல. 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் அந்தப் பாகத்தால்தான் பிஸ்டன் உடைந்தது என்று நிறுவனம் காட்டிவிட்டால் பழுதுச் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும்.

இனி இதுபோன்ற கட்டுரைகளை வெளியிடும்போது, உச்ச எண்ணோடு நிறுத்தாமல், 1,500 முதல் 6,000 சுழற்சி வரை முறுக்குவிசை எப்படி மாறுகிறது என்பதை, மாற்றத்துக்கு முந்தையதும் பிந்தையதும் ஒரே வரைபடத்தில் தெரியும்படி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
டியர்போர்ன், மிச்சிகன்