மோட்டாரை அந்தப் பாட்டிலில் வைத்துவிடாதே

பொர்தோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தீபாவளிக்கு நீ அனுப்பிய அதிரசம் கிடைத்தது என்றுகூடத் தெரிவிக்காமல் இருந்துவிட்டேன். என்ன காரணம் சொன்னாலும் அது சாக்காகத்தான் இருக்கும், மன்னித்துவிடு. இங்கு எல்லோரும் நலம். மகனுடைய நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. நெட்டையன் துலூசிலிருந்து குடும்பத்தோடு வந்து, வழக்கம்போல் கடைசி ஆளாகக் கிளம்பினான். தங்கையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை மறக்காமல் எழுது.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று தங்கை தொலைபேசியில் சொன்ன செய்தி. நீ மின்சார வைன் ஏரேட்டர் ஒன்று, வைனில் காற்றைக் கலந்து ஊற்றும் கருவி, வாங்கியிருக்கிறாயாம். மகளின் திருமணத்துக்கு முந்தைய இரவு அந்த 1996 போயாக்கை, நம் பொர்தோ பக்கத்துப் பழைய சிவப்பு வைனை, திறந்து, அதன் வழியாகவே எல்லோருக்கும் ஊற்றப்போகிறாயாம். "டீ ஆற்றுவதுபோல் ஆற்றிவிட்டால் போதும்" என்றாயாம். புதுச்சேரியிலிருந்து கிரைண்டர் கல்லை விமானத்தில் தூக்கிவந்தவன் நீ. மோட்டார் வைத்த பொருளைக் கண்டால் உன் கை நிற்காது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆனால் இந்த ஒரு முறை என் பேச்சைக் கேள். அந்தப் பாட்டிலில் அதை வைக்காதே.

கருவியையே நான் குறை சொல்லவில்லை. என் பிறந்தநாளுக்கு மகனும் அப்படி ஒன்றைத்தான் பரிசளித்தான். பாட்டிலின் வாயில் ரப்பர் வளையத்தை அழுத்திப் பொருத்தி, பொத்தானை அமுக்கினால், குளவி இரைவதுபோல் ஒரு சத்தம் எழும். உள்ளே இருக்கும் சிறு பம்பு காற்றைப் பாட்டிலுக்குள் தள்ள, அந்த அழுத்தத்தில் வைன் குழாய் வழியாக மேலேறி, காற்றோடு கலந்து, குமிழி குமிழியாகக் கோப்பையில் விழும். முதல் மாதம் அதை நான் கீழே வைக்கவே இல்லை. குறிப்பாகத் தென்மேற்கு பிரான்சின் மதிரான் ஊர் வைனுக்கு அது செய்த நன்மையை என்னால் மறுக்க முடியாது. அதைச் செய்யும் தன்னா திராட்சையின் துவர்ப்பு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல் நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்த ஊர்க்காரரான பத்ரிக் துய்க்கூர்னோ, 1990களின் தொடக்கத்தில், அதைப் பதப்படுத்துவதற்கென்றே தொட்டியில் இருக்கும் வைனுக்குள் துளித்துளியாக ஆக்சிஜனைச் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். மூன்று வயது மதிரான் ஒன்றைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை அடித்தது. கருவியில் ஒரு முறை ஏறி இறங்கியதும் அந்தக் கந்தக வாடை கலைந்து, உள்ளே அடைபட்டிருந்த பழவாசம் வெளியே வந்தது. சில நொடிக் காற்றில் துவர்ப்பு குறைந்துவிடுவதில்லை. வாசம் திறந்துகொள்வதால் துவர்ப்பு நமக்கு உறுத்துவதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இள வைனை அன்றைக்கே குடித்து முடிப்பதாக இருந்தால் நீயும் தாராளமாகப் பயன்படுத்து. மீதம் வைக்காதே. பாட்டிலுக்குள்ளும் காற்றை அடைத்துவிடுகிறது அல்லவா, மறுநாள் மாலைக்குள் அது செத்துப்போய்விடும்.

இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன். 1999-இல் நாம் இருவரும் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து, உன் மகளுக்கு ஒன்றும் என் மகனுக்கு ஒன்றுமாக எடுத்துவைத்த அந்த இரண்டு பாட்டில்களில், என்னுடையது இப்போது இல்லை. நிச்சயதார்த்தத்தன்று அதை நானே கெடுத்துவிட்டேன். படுக்கவைத்திருந்த பாட்டிலை விருந்தினர் வந்தபிறகு எடுத்து, நிமிர்த்தி, திறந்து, கருவியைப் பொருத்திப் பொத்தானை அமுக்கினேன். அத்தனை ஆண்டுகளில் நிறமும் துவர்ப்பு தரும் டானினும் சேர்ந்து மண்டியாகப் படிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் குழாய் பாட்டிலின் அடிவரை போகிறது, மண்டி கலங்கிக் கிடக்கும் இடத்திலிருந்தே உறிஞ்சுகிறது என்பதை அந்த அவசரத்தில் நான் நினைக்கவில்லை. செங்கல் நிறத்தில் தெளிந்து நிற்கவேண்டிய வைன், கலங்கல் தண்ணீராகக் கோப்பையில் விழுந்தது. ஓரத்தில் காப்பித்தூள்போல் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. முதல் மூச்சில் மட்டும் தேவதாரு மரமும் உலர்ந்த புகையிலையும் கலந்த அந்த வாசம் வந்தது. நெட்டையன் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் போய், வெட்டிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் வாடைதான் மிஞ்சியது. மகன் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தான். அவன் குடித்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

டீயை ஆற்றினால் சூடு தணியும், நுரை வரும். காற்று அதை ஒன்றும் செய்யாது. வைனில் காற்று உள்ளே புகுந்து வேலை செய்கிறது. அது முதிர்வதற்கே ஆக்சிஜன் வேண்டும் என்பதை விஞ்ஞானி லூயி பாஸ்தர் 1866-லேயே எழுதிவிட்டார். ஆனால் பீப்பாயிலும் பாட்டிலிலும் ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வாங்கிய காற்றோடு முதிர்ந்து நிற்கும் ஒன்றுக்கு, ஒரே நொடியில் அத்தனை காற்றையும் அடித்தால் அது தாங்காது. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் செய்யுங்கள் என்றுதான் சொல்லிவந்தார். அதைப் படித்திருந்தும் நான் கருவியை எடுத்தேன் என்பதுதான் என்னை இன்னமும் வருத்துகிறது.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். வியாழக்கிழமையே உன் கட்டடத்து நிலவறையிலிருந்து பாட்டிலை ஆட்டாமல் எடுத்துவந்து, சமையலறையில் அடுப்பிலிருந்து தள்ளி, குளிர்ந்த மூலையில் நிமிர்த்தி வை. இரண்டு நாளில் மண்டி அடியில் இறங்கிவிடும். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் திறக்கவேண்டும். பழைய தக்கை உதிரும். சுருள் திறப்பானைக் குத்தாதே, இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் ஓரங்களில் செருகித் திருகி எடுக்கும் திறப்பான்தான் வேண்டும். பிறகு பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, ஒரே சாய்ப்பாக, இடையில் நிமிர்த்தாமல் ஜாடியில் ஊற்றவேண்டும். கழுத்தில் கருங்கோடு தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும். அடியில் இரண்டு விரற்கடை வீணாகும். ஆகட்டும். முதல் கோப்பையை மகளிடம் கொடு.

உன் கை நடுங்கும் என்று தங்கை சொன்னாள். சனிக்கிழமை காலை ரயிலில் நான் வருகிறேன். பாரிஸ் மோன்பர்நாஸ் நிலையத்துக்கு யாரையும் அனுப்பவேண்டாம், அங்கிருந்து சார்செலில் உன் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். திறப்பானை நானே கொண்டுவருகிறேன். நீ மெழுகுவர்த்தியைப் பிடி.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்