தாராசுரம் படிகளும் பட்டுத்தறியும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு மாணவர்களை வரும் சனிக்கிழமை காலை தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கும், பிறகு அதே ஊரில் பட்டு நெய்யும் வீடு ஒன்றுக்கும் அழைத்துச் செல்கிறோம். நம் பிள்ளைகளில் பலருக்குக் கோயில் புதிதில்லை. அதனால் இதைச் சுற்றுலா என்று எண்ண வேண்டாம். உள்ளூர் வரலாற்று ஒப்படைப்புக்கான பயணம். வீட்டில் நீங்களும் பேசிப் பார்க்க வசதியாகச் சில விவரங்களைத் தருகிறோம்.

கோயிலைக் கட்டியவன் இரண்டாம் இராசராசன். காலம் 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இராசராசபுரம் என்ற ஊர்ப்பெயர்தான் தேய்ந்து தாராசுரம் ஆனது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் சேர்ந்தன. இவை தேர்வுக்கு உதவும், அவ்வளவுதான். பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க வேண்டியது கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் ஓடும் சின்னஞ்சிறு சிற்ப வரிசையை. அறுபத்துமூவர் வரலாறு அதில் கல்லில் இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த மன்னனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஒரு தலைமுறைக்குள் அது சிற்பமாகிவிட்டது. துணி நெய்து அடியார்களுக்கு உடையும் கீளும் (இடுப்பில் கட்டும் துணிப்பட்டை) கோவணமும் கொடுத்த நேச நாயனார், குழல் வாசித்த ஆனாயர், யாழ் மீட்டிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகிய மூவரின் கதைகளையும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். தெரியாமல் போனால் எல்லாச் சிற்பமும் ஒன்றுபோலவே தெரியும்.

இங்கே ஒரு பிழை வழக்கமாக வருகிறது. "சோழர் காலம் முதல் இதே பட்டுத்தறிகள்" என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். சோழர் காலத்தில் சாலியரும் கைக்கோளரும் நெய்தார்கள். கைக்கோளர் படைப்பிரிவுகளாகவும் கல்வெட்டுகளில் வருகிறார்கள். இன்று தாராசுரத்தில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்களின் முன்னோர் இந்தப் பக்கம் குடியேறியது நாயக்கர் காலத்தில், அதாவது கோயில் எழுந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அந்தச் சமூகத்துக்கு இசையிலும் பெரிய பங்கு உண்டு. தியாகராஜரின் நேர்ச் சீடரான வேங்கடரமண பாகவதர் (1781–1874) சௌராஷ்டிரர். நமக்குப் பக்கத்து ஊரான அய்யம்பேட்டையில் நெடுங்காலம் இருந்தவர். குருவின் கீர்த்தனைகள் பல இன்று கிடைப்பதற்கு இவர் வீட்டுச் சுவடிகள் ஒரு முக்கியக் காரணம்.

இனி இசைப்படிகள். நந்திக்கு அருகே பலிபீடத்தின் தென்புறம் உள்ள கற்படிகளைத் தட்டினால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஒலி தரும். இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். அது சரியான ஏற்பாடு. நாணயத்தாலும் கல்லாலும் தட்டத் தட்ட விளிம்பு சிதறும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விரிசல் விழுந்த கல் கணீரென்று ஒலிக்காது, 'டொக்' என்று அடங்கிவிடும். அதை ஒட்டவைத்துச் சுதியைத் திரும்பப் பெற வழியில்லை. கம்பிக்குள் கைவிட்டுத் தட்டும் பிள்ளை அங்கேயே திருப்பி அனுப்பப்படும்.

தட்டிப் பார்க்கும் ஆசை நியாயமானது என்பதால் அதை வீட்டிலேயே செய்யலாம். ஒரே அகலமும் தடிமனும் கொண்ட இரும்புப் பட்டையில் 45 செ.மீ., 32 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி வாங்குங்கள். வெல்டிங் பட்டறையில் கிடைக்கும். விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். தடித்த நூல் அல்லது துணிச் சுருள் இரண்டின் மேல் பட்டையை வையுங்கள். நீளப் பட்டைக்கு இரு முனையிலிருந்தும் 10 செ.மீ. உள்ளே, குட்டைப் பட்டைக்கு 7 செ.மீ. உள்ளே தாங்கல் வர வேண்டும். நடுவில் மரக்கட்டையால் தட்டினால், நீளப் பட்டை கீழ் ஷட்ஜம் ('ச' சுரம்) என்றால் குட்டை ஏறக்குறைய மேல் ஷட்ஜத்தில் பேசும். நீளத்தைப் பாதியாக்கினால்தானே மேல் ஷட்ஜம் வரும் என்று வீணை தெரிந்தவர்கள் கேட்பார்கள். அது தந்திக் கணக்கு. பட்டையில் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த மேல் ச வரை ஒரு ஸ்தாயி) ஏறிவிடும். தாங்கலை நடுவுக்கு நகர்த்தினால் ஒலி செத்துவிடும், ஏனென்றால் பட்டை அதிகம் அதிரும் இடத்தையே பிடித்துக்கொள்கிறோம். கல்லும் இப்படித்தான், நீளம், தடிமன், எங்கே தாங்கியிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் சுரம்.

தறி வீட்டில் பார்க்கப்போவது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை), இரு கரைக்கும் இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். அதனால் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா கொடுப்பார். ஒவ்வொரு ஊடையிலும் (குறுக்கு நூல் ஓட்டத்திலும்) உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். இழுத்துப் பிடித்தால் கரை சுருங்கும். தளர்த்தி விட்டால் இடைவெளி தெரியும். பாவில் (நெடுக்கு நூலில்) ஓர் இழை அறுந்தால் அதன் இடத்தைத் தேடி விழுதிலும் (இழைகளைத் தூக்கும் கண்ணிகள்) அச்சிலும் (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு) திரும்பக் கோத்து முடிய வேண்டும். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் சேலை நீளத்துக்கும் கோடு விழும். பூ வேலைப்பாட்டைத் துளைகளாகத் தாங்கும் ஜக்கார்டு அட்டை ஒன்று வரிசை மாறினால் அந்த இடத்தில் பூ உடையும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் தறியைக் கேட்கட்டும்: மிதி, நாடா, அச்சு அடி என்று மூன்று ஓசையும் எந்த வரிசையில், என்ன தாளத்தில் வருகின்றன என்பதே ஒப்படைப்பின் முதல் கேள்வி.

பாவிலும் ஜரிகையிலும் கை வைக்கக் கூடாது. ஜரிகையில் இருப்பது வெள்ளி. வியர்வை பட்டால் கறுக்கும். தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் பின்னோக்கி நடக்கவும் கூடாது. வளையல், கைக்கடிகாரம் வேண்டாம், நூலில் மாட்டும்.

வேன் காலை 7.15-க்குப் புறப்படும். வெயில் ஏறினால் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். தண்ணீர், பென்சில், கோடில்லாத நோட்டு போதும். சனிக்கிழமைக்கு முன் பலத்த மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம். நந்தி இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், தறிக்குழியிலும் ஊறும். அந்த நேரத்தில் போய் நெசவாளருக்குத் தொல்லை தர வேண்டாம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். தூசு ஒவ்வாமை, இழுப்பு உள்ள பிள்ளைகளின் விவரத்தைச் சீட்டின் பின்புறம் எழுதுங்கள். தறி வீட்டில் நூல் துகள் பறக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்