சரசுவுக்கு: அம்மாவின் பட்டன் போனை மாற்றிவிடாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே? நீ கொடுத்துவிட்ட தைலம் வந்து சேர்ந்தது, தேய்க்கிறேன், முழங்கால் பரவாயில்லை. கல்யாணி அக்கா பேத்தி கல்யாணம் சங்கரன்கோவிலில் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லையே என்று கேட்காத ஆள் இல்லை. பந்தியில் மூன்றாவது தடவை ரசம் கேட்டது யார் என்று நான் எழுத வேண்டாம், உனக்கே தெரியும்.

அம்மாவுக்கு டச் போன் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் குக்கரை இறக்கப் போய்விடுவாய். ஏட்டி, இதை உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் அத்தை எனக்குப் போன் செய்தார். கல்லிடைக்குறிச்சி வீட்டில் தனியாக இருக்கும் அதே அத்தைதான். பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் கொடுக்கவில்லை, அப்பளக்கார அக்கா போட்டுக் கொடுக்கவில்லை. அவரே எடுத்து, அவரே பட்டனை அழுத்தி, அவரே பேசினார். "செம்பகம், நான்தாம்மா. சும்மாதான் போட்டேன். கரண்ட் வந்துட்டு" என்றார். அவ்வளவுதான் சேதி. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எண்பதைத் தாண்டிய மனுஷி, வாழ்நாளில் முதல் தடவையாகத் தானாக ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் சும்மா.

நீ யோசித்துப் பார். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நாம் எத்தனை வெளியூர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்திருப்போம். அர்ஜென்ட், அதைவிட அவசரமான லைட்னிங், இன்னாரைத்தான் கூப்பிட வேண்டும் என்கிற பி.பி. கால் என்று ஊர் உலகத்தின் பிறப்பும் இறப்பும் நம் ஹெட்செட் வழியாகத்தான் போயின. அந்தக் காலத்தில் அத்தை மாதிரிப் பெண்கள் யாராவது கால் புக் செய்து நீ பார்த்திருக்கிறாயா? புக் செய்வது ஆண்கள். பெண்களைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுப்பார்கள், அவர்கள் அழுவார்கள், மூன்று நிமிஷம் முடிந்துவிடும். அப்புறம் எஸ்.டி.டி. வந்தது, செல்போன் வந்தது, நாமும் 2020 ஜனவரி 31-ஆம் தேதி வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். ஆனால் இவர்கள் விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை. மாமா 1100 வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? 2003-இல் வந்த அந்த டார்ச் வைத்த நோக்கியா, உலகத்தில் 25 கோடிக்கும் மேல் விற்ற போன். அதற்கப்புறம் இன்னொரு பட்டன் போனும் வாங்கினார். இரண்டிலும் அத்தைக்குத் தெரிந்தது பச்சைப் பட்டன் ஒன்றுதான். மணி அடித்தால் பச்சையை அமுக்கு, பேசி முடித்தால் வைத்துவிடு. மாமா போன பிறகு அந்தப் போன் அத்தை கைக்கு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் "அம்மாவிடம் போன் இருக்கிறது" என்று நிம்மதியாக இருந்தார்கள்.

உன் அம்மா விஷயத்தை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அம்மா இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் 800 பேரோடு நின்றுபோனது. நீ கோயம்புத்தூரில் இருந்தபடி அம்மா நம்பரை அடித்துக்கொண்டே இருந்தாய், எனக்கும் நடுராத்திரியில் போன் செய்து அழுதாய். கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஊரில் டச் போன் வைத்திருந்தவர்களுக்கு மறுநாளே சார்ஜ் தீர்ந்துவிட்டது. உன் அம்மாவின் பட்டன் போனில் மட்டும் சார்ஜ் இருந்தது. டவர் திரும்பி வந்த பிறகும் அது உயிரோடுதான் இருந்தது. ஆனால் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தார்கள். லைன் நெரிசலில் உனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து உன்னை அழைக்க வழி இருக்கிறது என்பதை அம்மாவுக்கு யாரும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. இதை அம்மாவே என்னிடம் சொன்னார்கள், குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அத்தைக்குக் கற்றுக் கொடுக்க உட்கார்ந்ததே அதனால்தான்.

டச் போன் வாங்குவதற்கு முன்னால் இதை யோசி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன கண். வழவழப்பான கண்ணாடியில் எங்கே தொடுவது என்று விரலுக்குத் தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும். பட்டன் போனில் 5-ஆம் எண் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், தடவிப் பார். அது கிடைத்துவிட்டால் இருட்டிலும் எல்லா எண்ணையும் பிடித்துவிடலாம். மேலே 2, கீழே 8, இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 6. அத்தைக்கு முதல் பாடம் அதுதான். போனை அணைத்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு 5-ஐத் தேடச் சொன்னேன். பல்லாங்குழி ஆடிய கை அல்லவா, சீக்கிரமே பிடிபட்டுவிட்டது.

அடுத்தது ஸ்பீடு டயல். நம்பர் முழுக்க அடிக்கவே வேண்டாம். 2-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும். 3 செங்கோட்டையில் இருக்கும் அவர் தங்கைக்கு, 4 ஆட்டோ தம்பிக்கு, 6 மருந்துக் கடைக்கு. 1 பெரும்பாலும் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும், அதை விட்டுவிடு. 5-ஐயும் 9-ஐயும் தொடாதே. 2017 முதல் விற்கிற பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகிற வசதி இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, 112-க்குப் போகும். அம்மாவுக்கு அதையும் சொல்லிக் கொடு, ஆனால் பழகுவதற்காக அழுத்திப் பார்க்கக் கூடாது என்றும் சொல்.

அழுத்துவதும் அழுத்திப் பிடிப்பதும் வேறு வேறு என்பது நமக்குச் சின்ன விஷயம். அத்தை தடுமாறியது அங்கேதான். பட்டனைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துவிடுவார், சுட்டுவிடும் என்பது போல. திரையில் 2 என்று மட்டும் நிற்கும். "முருகா முருகா முருகா என்று சொல்லி முடிக்கிற வரை விரலை எடுக்காதீங்க அத்தை" என்றேன். அது வேலை செய்தது. இப்போதும் எனக்குப் போன் போடும்போதெல்லாம் முருகன் பெயரைச் சொல்லித்தான் போடுகிறாராம்.

2 எது என்று கண்ணுக்கும் தெரியட்டும் என்று ஏதாவது ஒட்டலாமா என்று கேட்டேன். எழுந்து போய் பீரோவிலிருந்து பழைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தார். மாமா போன பிறகு வைக்காமல் அப்படியே வைத்திருந்த அட்டை. "இதில் ஒண்ணு ஒட்டு" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை, ஒட்டினேன். 2-இல் ஒன்று, 3-இல் ஒன்று.

அப்புறம் லாக். இடது பக்கப் பட்டனை அமுக்கிவிட்டு நட்சத்திரத்தை அமுக்கினால் திறக்கும். போன் வந்தால் எடுக்க இது வேண்டாம், தானாகப் போட மட்டும்தான் வேண்டும். அதனால்தான் எடுக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. "எப்படி அமுக்கினாலும் போக மாட்டேங்குது, போன் கெட்டுப்போச்சு" என்று எத்தனை பெரியவர்கள் வைத்துவிட்டிருப்பார்கள்! எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு நான் திறந்து காட்டினேன்.

வந்த போனை எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் ஒருநாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். நான் அடுக்களையில் நின்று என் போனிலிருந்து கூப்பிட்டு, ரெண்டு மணி அடித்ததும் நிறுத்துவேன். அவர் திரையில் என் பெயரைப் பார்த்துப் பச்சையை அமுக்க வேண்டும். பெயர்களைத் தமிழில் பதிந்து வைத்தேன், சரசு, நீயும் அப்படியே செய். மகள் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைத்தால் அம்மா எப்படிப் படிப்பார்கள்?

எஸ்.எம்.எஸ். எழுதக் கற்றுக் கொடுக்கவில்லை. ஒரே பட்டனை மூன்று நான்கு தடவை தட்டி ஒரு எழுத்து வரவழைப்பது அவருக்கு அலுப்பு, தமிழில் எழுதினால் ஒரு மெசேஜில் 70 எழுத்துதான் கொள்ளும், இங்கிலீஷில்தான் 160. அழிக்க மட்டும் கற்றுக் கொடுத்தேன், ஏனென்றால் பழைய போனில் விளம்பர மெசேஜ்கள் நிரம்பிவிட்டால் புதியது உள்ளே வராது. கியாஸ் புக்கிங் மெசேஜ் வராமல் அத்தை அலைந்தது அதனால்தான். 1909-க்குச் சொல்லி விளம்பரங்களையும் நிறுத்தினேன், வெகுவாகக் குறைந்துவிட்டது.

இன்னொன்று. இதில் எனக்குக் கோபமே வந்தது. அத்தைக்கு மாசா மாசம் ரீசார்ஜ் செய்த கடையில் டேட்டா பேக் போட்டுக் கொண்டிருந்தார்கள். நெட்டே இல்லாத போனுக்குத் தினம் ஒன்றரை ஜிபி! 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் டிராய் விதி போட்டது, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி பேக் கொடுக்க வேண்டும் என்று. அடுத்த மாதமே கம்பெனிகள் கொண்டுவந்துவிட்டன, ஒரு வருஷம் வரை செல்லுகிற பேக்கும் போடலாம். ஆனால் கேட்டால்தான் கடையில் சொல்வார்கள். உன் தம்பியை நாளைக்கே கேட்கச் சொல்.

என் கவலை ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. தானாகப் போன் போடக் கற்றுக்கொண்டவர் தெரியாத நம்பரிலும் தைரியமாகப் பேசுவார். பேங்கிலிருந்து பேசுகிறோம், கார்டு பிளாக் ஆகப்போகிறது என்று ஒருவன் அத்தையிடமே பேசிவிட்டான். அத்தை "என் மருமகள்கிட்ட கேளு" என்று வைத்துவிட்டார், நல்லவேளை. போனில் மெசேஜாக வரும் ஓ.டி.பி. எண்களை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, பேங்க் மேனேஜரே கேட்டாலும், நானே கேட்டாலும் கூடாது என்று தினமும் சொல்லிக் கொண்டிருக்கிறேன். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும், அந்த எண்ணையும் நாட்காட்டி அட்டையில் பெரிதாக எழுதி வைத்தேன். பக்கத்திலேயே *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருக்கிறது. போன் தொலைந்தால் வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் முடக்குவதற்கு அது வேண்டும். ஆனாலும் ராத்திரி படுத்தால் இந்தப் பயம் வரத்தான் செய்கிறது. அதற்காகப் போனை ஒளித்து வைக்கவா முடியும்? பயந்து பயந்துதானே இத்தனை வருஷம் பச்சைப் பட்டனோடு நிறுத்தி வைத்தோம்.

நீ கேட்கலாம், வீடியோ காலில் பேரன் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று. பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? டச் போன் ஒன்று தம்பி வீட்டில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காட்டட்டும். ஆனால் அம்மா இடுப்பில் செருகி வைத்துக்கொள்ளும் போன் பட்டன் போனாகவே இருக்கட்டும். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போனாகப் பார், ஜியோ சிம் பழைய 2ஜி போனில் வேலை செய்யாது. எதை வாங்கினாலும் பெட்டியோடு கூரியரில் அனுப்பிவிடாதே, சரசு. வந்து பக்கத்தில் உட்கார். எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நீ எப்படிக் கற்றுக் கொடுத்தாய்! சூப்பர்வைசர் அம்மாவே உன்னிடம்தான் அனுப்புவார். அந்தப் பொறுமையில் பாதி போதும்.

வியாழக்கிழமை அத்தை 3-ஐ அழுத்திச் செங்கோட்டைக்குப் பேசினாராம். தங்கச்சிக்குக் காது மந்தம், இவர் இங்கே கத்த, அவர் அங்கே கத்த, தெருவே கேட்டதாம். பழைய சண்டை ஒன்று பாக்கி இருந்ததாம், அதையும் முடித்துவிட்டார்கள். என்ன சண்டை என்று எனக்குச் சொல்ல மறுக்கிறார்.

சரி. உன் தம்பியிடம் சொல்லி அம்மா போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு உள்ளே ஒட்டியிருக்கிற மாடல் நம்பரைப் பார்க்கச் சொல். அதை எனக்கு அனுப்பு. ஸ்பீடு டயல் சில போனில் செட்டிங்ஸ் உள்ளே இருக்கும், சில போனில் கான்டாக்ட்ஸ் உள்ளே, நான் முன்கூட்டியே பார்த்து வைக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கூட இரண்டு நாள் தங்குகிற மாதிரி டிக்கெட் போடு. நான் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஸ்ரீவைகுண்டம் வந்துவிடுகிறேன், கல்யாணி அக்காவையும் கூட்டி வருகிறேன். அம்மாவிடம் ரசம் கூடுதலாக வைக்கச் சொல்.

அன்புடன்,
செண்பகம்